கழித்த பத்து நிமிடம்

வியாழன், இரவு.

இன்று ஜமுனாமரத்தூர் பஸ்ஸைக் கோட்டைவிட்டோம். விடுதிச் சமையல் வேலைக்கு எனக்கு நேர்காணல் இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பது என் வீட்டுக்காரரின் பழக்கம். என் கைக்கடிகாரத்தையும், தானாக மணி காட்டும் செல்போனையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. காலையில் சவரம் செய்துகொண்டே, "மணி இன்னா ஆவுது?" என்று கேட்டார். நான் பத்தைக் கழித்து, "ஆறேகால்" என்றேன். அவர் தன் பங்குக்கு இன்னொரு பத்தைக் கழித்துக்கொண்டார். ஆறரை பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தோம்.

அடுத்த பஸ்ஸில் போய் நின்றபோது அங்கிருந்த அதிகாரி அம்மா திட்டவில்லை. "நாளைக்கும் ஆள் எடுக்குறோம், ஒம்போதுக்குள்ள வந்துடும்மா" என்றார்.

சாயங்காலம் டவர் கிடைக்கும் புளியமரத்தடிக்கு இருவரும் போனோம். செல்போனைப் பழையபடி தானாக மணி காட்ட விட்டு, அதைப் பார்த்து என் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன். வீட்டுக்கு வந்ததும் சுவர்க்கடிகாரத்தை அவரே பின்னுக்குத் திருப்பினார். "இனிமே வூட்டுல ஒரே மணிதான்" என்றார், என்னவோ நான் கெடுத்ததுபோல.

அவர் தூங்கிய பிறகு சுவர்க்கடிகாரத்தை மட்டும் ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். காலையில் மணி கேட்டால் கழிக்காமல் சொல்வேன்.