கொஞ்சம் கோபம் மிச்சம் வை

அக்காவுக்கு,

என் ரத்தப் புற்றுநோய்க்கு நீ தந்த எலும்பு மஜ்ஜை எனக்குள் வேர்பிடித்துவிட்டது. இப்போது என் ரத்தமும் உன் வகைதான். தந்துவிட்டு, என் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நீ ஊருக்குப் போனதை நர்ஸ்தான் சொன்னார்.

போன வாரம் உள்ளங்கையெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகலையே" என்றார்.

"ஆமா டாக்டர், மூணு வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னது ரத்த அணுக்களை. உன் அணுக்கள் என்னை வேற்றாளாக நினைத்து அடிக்கின்றனவாம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அம்மா சாகக் கிடந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வராமலே இருந்தேனே, நான் லீவே கேட்கவில்லை அக்கா. அம்மாவை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மாத்திரை குடுத்து மொத்தமா அடக்கிடுங்க டாக்டர்" என்றேன்.

"ஐயோ, கூடாது. ஒளிஞ்சிருக்கிற புற்றுநோயையும் அதுங்கதான் தேடி அடிக்குது. கொஞ்சம் கோபம் இருந்தாத்தான் நீங்க பிழைப்பீங்க."

சாப்பாடு இறங்குகிறது. எடையைப் பற்றி மட்டும் கேட்காதே. பேனா பிடித்தால் விரல் எரிகிறது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க விடுகிறார்கள். வந்து, ஆசை தீரத் திட்டு. ஆனால் முழுசாக மன்னித்துவிடாதே. உன் கோபத்தில் கொஞ்சம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

உன் தம்பி