இடப்பக்கம் வந்த பாட்டு

4 நவம்பர் 2025, செவ்வாய்

6.2 கிலோமீட்டர். நாற்பத்தொரு நிமிடம். கடைசி அரை கிலோமீட்டர் நடைதான். காரணம் ஒரு பால் வண்டி.

பழனி ரோட்டில் இடது ஓரமாக ஓடிக்கொண்டிருந்தேன். வலது காதில் இயர்பட்ஸ். பின்னால் வந்தவர் எத்தனை தரம் ஹாரன் அடித்தாரோ, கண்ணாடி என் முழங்கையைத் தட்டிய பிறகுதான் அப்படி ஒரு வண்டி வருவதே தெரிந்தது. ரத்தமில்லை, வீக்கம் மட்டும். வண்டியை நிறுத்தி இறங்கி, "ஏம்மா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்றார். நியாயமான கேள்விதான்.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. "இனி ரோட்ல ஓட வேணாம் அரசி" என்றார் என் கணவர் பழனிக்குமார். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எதையும் மோட்டாரின் செம்புக் காயில் எரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆள். கல்யாணமாகி நாலு வருடத்தில் 'வேணாம்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "காதை அடைச்சுக்கிட்டு ஓடுனா வண்டி வாறது எப்புடிக் கேக்கும்?"

நான் அடைத்தது ஒரு காதைத்தான். இன்னொன்று ஏழு வயதிலிருந்து தானாகவே அடைத்துக் கிடக்கிறது. என் இடது காது கேட்காது. இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் ஓட்டம் போகும். ஓட்டம் மட்டும் போனால் பரவாயில்லை.

டிசம்பர் 14, ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். பெயர் கொடுத்தாயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று இதே நோட்டில் எழுதியும் ஆயிற்று. எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கில்லை.

5 நவம்பர்

மொட்டைமாடியில் எண்பது சுற்று. தலை சுற்றியதுதான் மிச்சம்.

8 நவம்பர், சனி

கூரியர் வந்தது. அவர் பெயருக்கு. உள்ளே கறுப்பாக, வளைவாக ஒரு ஹெட்போன். காதுக்குள் போகிற குமிழே இல்லை.

"இது காதுக்குள்ள போகாது. கன்னத்து எலும்புல உக்காரும். அதிர்வு எலும்பு வழியாப் போயிரும், காது தொறந்தே கெடக்கும். வண்டிச் சத்தமும் கேக்கும், பாட்டும் கேக்கும்" என்றார். ரெண்டு நாளாகக் கடையில் உட்கார்ந்து இதைத்தான் படித்திருக்கிறார். வேணாம் என்று சொல்லிவிட்டு அவராலேயே தாங்க முடியவில்லை போல.

அத்தை அதைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பு இது, குதிரைக்குக் கடிவாளம் கெணக்கா?"

"ஓடுற குதிரைக்கு வேணும்ல ஆத்தா" என்றார் அவர். மாமியாரும் மகனும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு காதுதான் கேட்கும் என்று தெரியாமல் இரண்டு காதுக்கும் சேர்த்து வரவழைத்த மனுசன்.

9 நவம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

காலை ஐந்தே முக்கால். முருகபவனம் தாண்டி நின்று மாட்டினேன். பின்பட்டை ஜடையில் சிக்கியது, அவிழ்த்துக் கொண்டையாகப் போட்டேன். பாட்டை ஓடவிட்டேன். நாலு அடி ஓடினேன். நின்றுவிட்டேன்.

இடது பக்கம் கேட்டது.

முதலில் நம்பவில்லை. வலது காதை விரலால் அழுத்தி மூடினேன். வலப்பக்கத்து முனையை எலும்பிலிருந்து தூக்கிப் பிடித்தேன். பாட்டு போகவில்லை. இடப்பக்கம், அந்தச் செத்த பக்கம், தவிலும் நாதஸ்வரமுமாக அடித்துக்கொண்டிருந்தது. கன்னமெல்லாம் கூசியது. ரோட்டோரத்தில் ஒரு பொம்பளை விரலைக் காதில் விட்டுக்கொண்டு அழுவதை டீக்கடையில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்படியென்றால் உள்ளே எல்லாமே சாகவில்லையா? இருபத்தைந்து வருடமாக உயிரோடு இருக்கிற ஒன்றையா செத்ததென்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

7 கிலோமீட்டர். நேரம் பார்க்க மறந்தேன்.

14 நவம்பர், வெள்ளி

எரியோட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா மாயம்மாளுக்கு ஹெட்போன் கதை பாதிதான் புரிந்தது. ஆனால் நான் எங்கே வருகிறேன் என்பது புரிந்துவிட்டது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. சொல்லித் தொலைச்சுராத."

சின்ன வயதில் காது வலித்தால் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவாள். சீழ் வரும். நின்றால் சரியாகிவிட்டது என்பாள், வந்தால் மறுபடியும் எண்ணெய். அவளைச் சொல்லி என்ன, தெருவே அப்படித்தான் ஊற்றியது.

பெண் பார்க்க வந்த அன்று அத்தை ஏதோ கேட்கப்போய், அம்மா கற்பூரத்தை ஏற்றி அதன் மேல் கையடித்துச் சொன்னாள்: "எம்மகளுக்குக் கண்ணு, கை, காலு ஒரு கொறையும் கெடையாது." காதைச் சொல்லவில்லை. சாமி முன்னால் பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் அவளுக்கு நிம்மதி.

அப்புறம் என்னைக் காப்பாற்றியது சாஸ்திரம். மனைவி புருசனுக்கு இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். நான் இடப்பக்கம் நின்றால் அவர் என் வலப்பக்கம், கேட்கிற காதுப் பக்கம். கோயிலில், கல்யாண வீட்டில், போட்டோவில், கடைத்தெருவில் என்று நாலு வருடமாக நான் இடம் மாறியதே இல்லை. "எம்மருமகளுக்கு முறைமை தெரியும்" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

ஓட்டம் முடிந்ததும் நானே சொல்லிவிடப் போகிறேன். டிசம்பர் 14. எழுதிவிட்டேன்.

19 நவம்பர்

8 கி.மீ., 50 நிமிடம். இனி ரோட்டின் வலது ஓரம்தான். எதிரே வருகிற வண்டி கண்ணில் படும், காதை நம்ப வேண்டியதில்லை. மில்லில் டைம் ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்கள் நேரத்தைக் குறிப்பதோடு என் நேரத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.

23 நவம்பர், ஞாயிறு

எல்லாம் போச்சு.

இன்று அவரும் ஓட வந்தார். கடைக்குப் போடுகிற பழைய ஷூ. எதிரே வண்டி வருகிற ரோடு என்றதும், "வண்டிப் பக்கம் நான் வாறேன், நீ உள்ள ஓடு" என்று என் இடப்பக்கம் வந்துவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான். மாற்றி ஓடலாமே என்றேன், கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். தோளைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்குகிறது அவருக்கு. "செத்த நேரம் நிப்போம் நிப்போம்னு மூணு தடவ கேக்குறேன். அந்தப் பாட்ட மொதல்ல நிறுத்து."

பாட்டு ஓடவே இல்லை. சார்ஜ் தீர்ந்து முருகபவனத்திலேயே அணைந்துவிட்டது. அவரே கழற்றிப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. ஹெட்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடாத மோட்டாரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். என் வலது காதைத் தன் உள்ளங்கையால் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ சொன்னார். என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது.

"எப்ப இருந்து?"

"ஏழு வயசுல இருந்து."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்த?"

டிசம்பர் பதினாலு என்று சொன்னால் யார் நம்புவார்? அவர் முன்னால் நடந்து போய்விட்டார்.

24 நவம்பர்

பேசவில்லை.

25 நவம்பர்

பேசல. சோறு போட்டேன், சாப்டாரு. தொட்டுக்க வச்ச வெஞ்சனம் எப்படின்னு கேட்டேன். தலைய மட்டும் ஆட்டுனாரு. திட்டுனாக்கூடத் தேவல. காது கேக்காதது எனக்கா அவருக்கா?

27 நவம்பர், வியாழன்

மில்லில் அரை நாள் விடுப்பு. நானாகவே காது மருத்துவரிடம் போனேன். எவர் துணையும் கேட்கவில்லை.

அதிர்கிற ஒரு இரும்புக் கவையை என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் சத்தமா கேக்குது?"

"இடது பக்கம் டாக்டர்."

அவர் ஆச்சரியப்படவில்லை. உள்நரம்பு நன்றாக இருக்கிறதாம். செவிப்பறையில்தான் ஓட்டை. அதனால்தான் எலும்பு வழியாகப் போகிற சத்தம் கேட்கிறது, காற்றில் வருவது கேட்கவில்லை. ஆபரேஷனில் அடைக்கலாம், கேட்பதும் பெரும்பாலும் கூடும். "ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஓடக்கூடாது."

"அப்படின்னா டிசம்பர் பதினாலுக்குப் பின்னால வச்சுக்கலாம் டாக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

30 நவம்பர், ஞாயிறு

அத்தைக்கு அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"காது கேக்காத புள்ள வேணாம்னு அன்னிக்கு நான் சொல்லியிருப்பேன்தான். ஒளிக்காமச் சொல்றேன். அதுக்காக ஒங்காத்தா கற்பூரத்துல வெளையாடுனது சரின்னு ஆயிருமா?"

"ஆகாது அத்தை."

"என் மகன் நெதமும் வந்து எங்கிட்ட சொல்லாத கதையே கெடையாது. இத மட்டும் முழுங்கிட்டான் பாரு." மறுபடி கத்தியை எடுத்தார். "போ, ஓடப் போறவ சாப்ட்டுப் போ."

7 டிசம்பர்

9 கி.மீ., 55 நிமிடம். தனியாக. கோபத்தில் ஓடினால் வேகம் வருகிறது, கால் வலிப்பது கூடப் பிறகுதான் தெரிகிறது. அவர் மேல் கோபமா, அம்மா மேலா, என் மேலா என்று பிரிக்க முடியவில்லை. மூன்றுக்கும் மூன்று மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

13 டிசம்பர், சனி

நம்பர் அட்டை வாங்கியாயிற்று. காதை மூடாத ஹெட்போன் என்றால் போட்டுக்கொள்ளலாமாம். "நாளைக்கு ஆறு மணிக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

14 டிசம்பர், ஞாயிறு

அவர் எழுந்திருக்குமுன் கிளம்பிவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து கிலோமீட்டர் இருபத்தொன்பதரை நிமிடம். ஏழில் மேடு. விலாவில் பிடித்துக்கொண்டது. எட்டைத் தாண்டியதும் கால் என் கால் மாதிரியே இல்லை. அப்போது பாட்டு நின்று மணி அடித்தது. சார்ஜ்தான் போயிற்று என்று பயந்து பொத்தானை அழுத்தினேன்.

"அரசி."

நான் ஓடும்போது அவர் போன் போட்டதே இல்லை. போட்டால் கவனம் சிதறும் என்பார். நாலு வருடமாகக் கேட்ட குரல். இடப்பக்கம் வந்து கேட்டது இன்றைக்குத்தான் முதல் தடவை.

"கடைசித் தண்ணிப் பந்தல்கிட்ட நிக்கேன். தண்ணியக் கொட்டி ரோடு சேறாக் கெடக்கு, ரெண்டு பேரு வழுக்கிட்டாங்க. வலது ஓரமாவே வா. அம்பது நிமிசம்தான் ஆகுது. விட்றாத."

இருபத்தொரு நாள் கழித்து இம்புட்டுப் பேச்சு. சேற்றைப் பற்றி. பேச மூச்சில்லை. "வச்சிறாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வைக்கவில்லை. பந்தல் தாண்டும்வரை அவர் பக்கத்துக் கூட்டத்தின் சத்தமும் அவர் மூச்சும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம், நாற்பது வினாடி. பந்தலைத் தாண்டும்போது கண் மறைத்து வேகம் குறைந்துவிட்டது, நாற்பது வினாடி அங்கேதான் போயிற்று. எழுதியதை அடிக்கமாட்டேன். அடுத்த வருடம் முடிப்பேன்.

17 டிசம்பர், புதன்

ஆபரேஷனுக்கு ஜனவரி 5 குறித்துக் கொடுத்தார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நர்ஸ் படிவம் நிரப்பினார்.

"எத்தன வருசமாக் கேக்கல?"

"இருபத்தஞ்சு வருசமா" என்றேன்.

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, வீட்டுக்காரரு நீங்க, இம்புட்டு வருசமா என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?"

"எனக்கு இருபத்திநாலு நாளாத்தாங்க கேக்கல" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நவம்பர் 23-லிருந்து கணக்கு. நர்ஸுக்குப் புரியவில்லை. இருபத்தைந்து என்றே எழுதிக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அவரும்.