ராஜாத்திக்கு நெய்த சேலை

திருவொற்றியூர்
3-5-1942

சௌபாக்கியவதி ராஜாத்திக்கு அம்மா எழுதுவது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் இங்கே உயிரோடு இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானா, உனக்கு வாந்தி நின்றதா.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று போன மாதம் பட்டணமே காலியானது உனக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன்பே நம் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோயிற்று. சீமை நூல் கப்பல் வரவில்லை, நம் கைலியை ஏற்றிப்போகவும் கப்பல் இல்லை, இங்கத்து மில் நூலைப் பட்டாளத் துணிக்கென்று சர்க்கார் எடுத்துக்கொண்டது. உன் நைனா ஹார்பரில் கரி மூட்டை சுமக்கப் போனார். தெருவே ஓடியபோது வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், நான் மட்டும் மாத்தூருக்கு சொக்கம்மாள் சித்தி வீட்டுக்குப் போனேன். மனசு கேட்காமல் ஆறாம் நாள் நடந்தே திரும்பினேன். உச்சி வெயில், தெருவில் ஒரு நாய்கூட இல்லை, எல்லா வீட்டிலும் பூட்டு, நம் வீட்டில் மட்டும் தறி ஓடுகிற சத்தம். நூல் கிடைத்துவிட்டதென்று சந்தோஷமாகத்தான் கதவைத் திறந்தேன்.

தறியில் ஒரு இழை இல்லை ராஜாத்தி. உடம்பெல்லாம் கரியோடு தறிக்குழியில் உட்கார்ந்து வெறும் தறியில் நாடாக்கட்டையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தி, அறுந்த இழையை முடிகிற மாதிரி விரலால் முடிந்தார். கூப்பிட்டதற்கு, "சத்தம் போடாத பவுனு, இன்னும் நாலு முழம் கீது, ராஜாத்தி சீமந்தத்துக்கு செவப்பு சேலை" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அழுதேன், கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. பொழுது சாயும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிஞ்சிருக்கும், அறுத்துடட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். கத்தியை எடுத்து ஒன்றுமில்லாத இடத்தில் அறுத்தேன். அவர் எழுந்து மடித்து மடித்து என் இரண்டு கையிலும் வைத்தார். கை கொஞ்சம் தாழ்ந்தது, பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சோறு தின்றார்.

இப்போது வேலைக்குப் போகிறார், நன்றாகப் பேசுகிறார். ஊர் திரும்பிய எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் விசாரித்தார், கரி வேலை அலுப்பு என்று சொல்லி அனுப்பினேன். சேலையை அனுப்பினாயா என்று மட்டும் தினமும் கேட்டு, நேற்று அவரே பழைய வேட்டியில் வைத்துத் தைத்து உன் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.

குடம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றட்டும். பார்சலைப் பிரிக்கும்போது மாப்பிள்ளை சிரிக்காமல் பார்த்துக்கொள். சேலை கிடைத்தது, சிவப்பு நன்றாக எடுத்திருக்கிறது என்று நைனா பேருக்கு உடனே ஒரு கார்டு போடு.

உன் அம்மா
பவுனம்மாள்