சீதேவிக்கு எந்த ஊர்?

நயினாதீவு
18.2.1986

அன்பு மகன் தில்லைநாதனுக்கு அம்மா எழுதுவது. நாகபூசணி அம்மாள் கிருபையில் நானும் என் முறிந்த இடுப்பும் ஒருவாறு சுகம், அங்கே நீயும் மருமகளும் பேரனும் குளிரில் விறைக்காமல் இருக்க அவளே துணை. உன் கடிதம் கிடைத்தது. என் சுகம் கேட்டு ஒரு வரி, மிச்சம் முழுக்க என்னைப் பார்க்க நான் வைத்திருக்கும் பிள்ளை சீதேவியைப் பற்றிய விசாரணை. எந்த ஊர், யாருடைய ஆட்கள், ஏன் தனியாக வந்தவள், அடையாள அட்டையில் என்ன விலாசம், ஒரு படமும் எடுத்து அனுப்பவேண்டுமாம். லண்டனில் உனக்கு ஊராரை விசாரிக்கிற விதானை வேலையா தந்திருக்கிறார்கள்? உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்களும் தேத்தண்ணீர் குடித்து முடியுமுன் இடுப்பை மறந்து அவளைத்தான் கேட்கிறார்கள். நானும் மார்க்கண்டர் பெண்சாதிக்குச் சரவணை என்றேன், அம்பிகை அக்காவுக்கு நாரந்தனை என்றேன். இருவரும் குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரே மோட்டார் வள்ளத்தில் ஏறி, கரை சேரும்வரை சண்டையாம். சரவணையில அவளின்ர தாயையே எனக்குத் தெரியும் எண்டு மார்க்கண்டர் பெண்சாதி சத்தியம் பண்ணினாராம். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு இன்னும் நொந்தது.

ஆனால் நீ கனகசபைக்கும் எழுதினாய் பார், அதுதான் எனக்குக் கோபம். உன் மச்சான் மெல்ல விசாரிக்கிற ஆளா? கடை வாசலில் நின்று, தில்லைநாதன் லண்டனிலிருந்து கேட்கிறான் என்று போகிறவன் வருகிறவன் எல்லாரையும் கேட்டிருக்கிறான். தண்ணீர் அள்ளப் போன இடத்தில் அது சீதேவியின் காதில் விழுந்துவிட்டது. வந்து எனக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, தன் உடுப்புகளைப் பையில் அடுக்கினாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். இந்தக் கதை போகக்கூடாத காதுக்குப் போனால் எனக்கு இஞ்சை இருக்க ஏலாது அம்மா என்றாள். தன்னைப் பற்றி வெளியில் கதைக்கக்கூடாது என்பது ஒன்றுதான் வேலைக்கு வந்த அன்று அவள் என்னிடம் கேட்டது. காரணத்தையும் சொன்னாள். அதை உனக்கும் எழுதமாட்டேன், கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று மட்டும் அறிந்துகொள். அவள் போனால் என்னால் கட்டிலை விட்டுக் கால் கீழே வைக்க முடியாது. அதைவிட, என் பிள்ளையால் ஒரு பெண் ஒதுங்க இடமில்லாமல் போகிறாளே என்று வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்து மன்றாடி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அவள் கை சுத்தம், என்னை நோகாமல் தூக்குகிறாள், நீ அறியவேண்டியது அவ்வளவுதான். என்னைக் குளிப்பாட்டுகிறவள் அவள். நான் பாயை நனைத்ததும், உன் கடிதம் வராத மாதங்களில் அழுததும் அவளுக்குத் தெரியும். கிழவி அழுறதாமே என்று அம்பிகை அக்கா அடுப்படிக் குசினி வரை போய் அவளிடம் கேட்டதற்கு, அம்மா நல்லா நித்திரை கொள்ளுறா என்றாளாம். அந்த அழுகை உனக்கும் இன்று நான் சொல்லித்தானே தெரிகிறது. என் கதையை அவள் காக்கிறாள், அவள் கதையை நான் காக்கவேண்டாமா?

படம் வேண்டுமென்றால் என் படம் ஒன்று அனுப்புகிறேன். அதை நீ கேட்கவேயில்லை. மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள், பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல்லு. கனகசபைக்கு இன்றைக்கே எழுதி அவன் வாயை அடக்கு. அதுவரை அந்தப் பை கதவு மூலையில் கட்டியபடியே இருக்கும். நான் கட்டிலில் கிடந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்திருக்கும் அம்மா
அன்னபூரணம்