இருமல் கேட்காத செவ்வாய்க்கிழமை

என் சண்டைக்காரிக்கு,

எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மரத்தின்மேல் இருந்தேன்.

ஏணியிலிருந்து விழுந்து ஆறு வாரமாகிறது. வாராவாரம் டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி, காலில் ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்பார். ஊசி படும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற நீ இருமினாய். நானும் உடனே, "தெரியுது டாக்டர்" என்றேன். இருபது வருஷம் வயரிங் பார்த்துவிட்டு, செத்த லைனில் கரண்ட் வருகிறதென்று சொன்ன எலக்ட்ரீஷியன் நான் ஒருத்தன்தான்.

நீயோ இருமியதையே மறந்துவிட்டு, "அவருக்குத்தான் உணர்ச்சி வந்துடுச்சே, சக்கர நாற்காலி எதுக்கு?" என்று நர்ஸம்மாவை விரட்டினாய்.

இன்று நீ வேலைக்குப் போய்விட்டாய். கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்தால், டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்டுக்காரிக்கு இருமல், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகெலும்புக்குள்ளே சுண்டுவிரல் தடிமனில் ஒரு தண்டுவடம் ஓடுகிறதாம். என்னுடையது இடுப்புக்கு மேலே நசுங்கிவிட்டதாம்.

"வயர்னா ஒட்டுப் போட்டுடலாமே" என்றேன்.

"இதுக்கு ஒட்டு கிடையாதுங்க."

எனக்குக் களைப்பாக இருக்கிறது. உனக்கும் தொண்டை புண்ணாகியிருக்கும். இருமியது போதும்.

நாளை வரும்போது, என் வேலைப் பையிலிருக்கும் டேப்பால் வாசல் நிலையின் அகலத்தை அளந்து வா. நாற்காலி நுழையுமா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பொய்க்காரன்