காலரில் நீல நூல்

பிப்ரவரி 3, 2024
திருப்புதல் தேர்வு விடைத்தாள் திருத்தவே பொழுது சரியாகிவிட்டது. என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டையில் காலர் பொத்தான் அறுந்து கிடந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் நீல நூலில் தைத்தேன். "டீச்சரம்மா தைச்ச லட்சணத்தைப் பாரு" என்று சிரித்தார். நாளைக்குச் சொந்த ஊர் எழுமலைக்குப் போகிறார், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச. கிணற்றுப் பங்குக்காகத் தம்பியோடு மறுபடியும் மல்லுக்கு நிற்காமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 5
அவரைச் சுட்டுவிட்டார்கள். வரப்பில் கிடந்தாராம். பன்றி வேட்டைக்கு வந்த எவனோ என்கிறார்கள். எவன்டா அது? பன்னிக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் —

பிப்ரவரி 7
நேற்று எடுத்தாச்சு. ராத்திரி முழுக்க மார்ச்சுவரி வாசலில் கிடந்த கொழுந்தன் சோணைமுத்து, வேர்த்து நனைந்துபோய் நின்றான். அவர் ஊருக்குக் கொண்டுபோன பையில் இருந்த வெள்ளைச் சட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். தான் கழற்றிய வெள்ளைச் சட்டையைச் சுருட்டித் தன் வீட்டில் போட்டுவிட்டு வந்தான். "மதினி, அண்ணனுக்கு நாந்தேன் வேட்டுப் போடுவேன்" என்று சுடுகாடு வரைக்கும் அவனே கொளுத்திப் போட்டான். அந்தச் சட்டை தெருவில் போனதைப் பார்த்து, இவர்தான் போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12
சோணைமுத்துவைப் பிடித்துவிட்டார்கள். அவன் வீட்டில் கிடந்த வெள்ளைச் சட்டையையும் எடுத்துப் போனார்களாம், துப்பாக்கி மருந்து இருக்கிறதா என்று சோதிக்க. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்கிறானாம். நம்பத்தான் ஆசை.

ஜூன் 18
இன்ஸ்பெக்டர் கிரிதர் பள்ளிக்கே வந்தார். சட்டைக் கையில் மருந்துத் துகள் இருக்கிறதாம். துப்பாக்கி மருந்தா, வேட்டு மருந்தா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம்.

"இதே சட்டையைப் போட்டுத்தான் வேட்டுப் போட்டேங்கிறான். நீங்க பாத்தீங்களாம்மா?"

"எல்லாரும் வெள்ளைச் சட்டைதான் சார் போட்டிருந்தாங்க" என்றேன்.

அவன் வேட்டுப் போட்டது என் வீட்டுக்காரர் சட்டையில். அப்படியென்றால் போலீஸ் எடுத்துப்போன அவன் சட்டைக்கு மருந்து எங்கிருந்து வந்தது? பாவி, கொன்னவனுக்கு நானே சட்டை எடுத்துக் குடுத்திருக்கேனே!

ஏன் சொல்லவில்லை? இவரைப் பெற்ற அத்தை முகம்தான் முன்னால் வந்து நின்றது. அவருக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு பிள்ளைதான்.

ஜூன் 19
அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூன் 23
அத்தை தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டார். காப்பி வேண்டாம் என்றார். மஞ்சள் பையில் இருந்து ஒரு சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டை. காலரில் என் நீல நூல்.

"சுடுகாட்டுலருந்து வந்து குளிக்கையில சின்னவன் கழட்டிப் போட்டது. மூத்தவன் சட்டையாச்சேன்னு துவைக்காம வச்சிருந்தேன். அவன் வக்கீலு வந்து, வேட்டுப் போட்டப்ப போலீசு எடுத்த சட்டையத்தேன் போட்டிருந்தான்னு சொல்லச் சொன்னாரு. அப்பத்தேன் எனக்கு வெளங்குச்சு."

"நான் யார்கிட்டயும் சொல்லல அத்தை."

"எனக்காகத்தேன் சொல்லலைன்னு தெரியும்த்தா. ரெண்டும் நான் பெத்ததுதேன். செத்தவனுக்கு வேற யாரு கேப்பா?"

இருவரும் வாய்விட்டு அழுதோம்.

ஜூன் 24
ஸ்டேஷனுக்குப் போய் வந்தோம். நான் பார்த்ததைச் சொன்னேன். சட்டையை அத்தையே கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"இந்நேரம் அவனுக்கு அங்க சோறு போட்டிருப்பாகளா?" என்று கேட்டார்.

"போட்டிருப்பாங்க அத்தை" என்றேன்.