தாய்மாமன் பதவி நீக்கம்

மார்ச் 3, செவ்வாய்

வெயில். பினாங்கு ஜெலுத்தோங் தார்ச்சாலையில் தோசை ஊற்றலாம். தங்கை கலாவுடன் வக்கீல் அலுவலகம். அடுத்த வாரம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். புருஷன் சேகர் வீட்டைவிட்டுப் போய்விட்டான். விவாகரத்து வழக்கு இன்னும் இழுக்கிறது.

வக்கீலம்மா: "டிவோர்ஸ் முடியற வரைக்கும் சட்டப்படி அவர்தான் புருஷன். உயில் எழுதாம உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஃபிளாட்ல அவருக்கும் பங்கு உண்டு."

ஆகவே உயில். ஃபிளாட் மகள் யாழினிக்கு. அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை அதைக் காக்க ஒரு டிரஸ்டி. நெஞ்சை நிமிர்த்தினேன், நாற்காலி அலறியது. காது குத்தும்போது மடியில் வைத்திருந்த தாய்மாமன்! மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் வேறு யார்? என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வெள்ளி கையெழுத்து.

மார்ச் 4, புதன்

மழை. பாயான் லெப்பாஸ். சேகர் வேலை செய்யும் தொழிற்சாலை வாசல். நோக்கம்: போர்ப் பிரகடனம்.

"வாங்க மச்சான், தே தாரிக் குடிக்கலாம்."

குடித்தேன். "ஒரு செங்கல்கூட உனக்கு இல்லடா! ஆபரேஷனுக்கு முன்னாடியே உயில் ரெடி. டிரஸ்டி யாரு? நான்!" பினாங்குப் பாலமே ஆடியிருக்கும்.

"ஆபரேஷனா? என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றான் மெதுவாக.

தேநீருக்கும் அவனே காசு கொடுத்தான்.

மார்ச் 5, வியாழன்

காலையில் கலாவிடமிருந்து நீளமான குறுஞ்செய்தி. நேற்று இரவே கலா வீட்டு வாசலில் சேகர். "செத்துப் போயிருவேன்னு உயில் எழுதறியா? பிள்ளைய அந்த வாய்க்கிழிஞ்சவன் கையில குடுக்கப் போறியா?" யாழினி கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு வெறும் செக்கப் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தது.

கலா போனை எடுக்கவில்லை. நான்கு முறை.

மார்ச் 6, வெள்ளி

மேகமூட்டம். வக்கீல் அலுவலகம். என் பெயர் இருந்த இடத்தில் மேரி. கலாவுடன் வேலை செய்பவள், கூடவே வந்திருந்தாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"அண்ணே, நீ கெட்டவன் இல்ல. ஆனா உன் வாய்க்கே ஒரு டிரஸ்டி வைக்கணும்லா" என்றாள் கலா.

எனக்கு உயிலில் எதுவும் இல்லாததால் சாட்சிக் கையெழுத்துப் போடலாமாம். போட்டேன். அரச முத்திரைபோல் பெரிதாகப் போடுபவன், இன்று எறும்பு அளவுக்கு.

வெளியே பெஞ்சில் யாழினி. "மாமா, அம்மா திரும்பி வந்துருவாங்களா?"

"எமனே லாரி பிடிச்சு வந்தாலும் உன் அம்மாவ..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா சொல்லாதீங்க மாமா."

எழுந்து என்னைக் கடந்து போய், மேரியிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.